விசேஷப் படங்களை எதில் அனுப்பலாம்?

செட்டிநாட்டில் ஒரு விசேஷம் முடிந்தால், பந்தல் பிரிப்பதற்குள் படம் கேட்டுப் போன் வர ஆரம்பித்துவிடும். பாதி உறவு சென்னை, கோவை, பெங்களூரில். மீதிப் பேர் சிங்கப்பூர், பினாங்கு, அமெரிக்கா. அறுபதாம் கல்யாணத்துக்கு வர முடியாத தங்கச்சிக்குப் படம்கூட வரவில்லை என்றால் அது வருஷக்கணக்கில் மனத்தாங்கலாக நிற்கும். ஆகவே அனுப்பித்தான் ஆக வேண்டும். எதில் அனுப்புவது, யாருக்கு எந்தப் படம் என்பதில்தான் முடிவெடுக்க நமக்கு இடம் இருக்கிறது.

வாட்ஸ்அப் குரூப், கூகுள் போட்டோஸ், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்டுடியோக்காரர் தரும் லிங்க், பெண்டிரைவ் என்று வழிகள் நிறைய. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருட்டை அடியோடு தடுக்கும் வழி இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. திரையில் தெரிகிற எதையும் இன்னொரு போனை வைத்துப் படம் பிடித்துவிடலாம். அதனால் எந்த ஆப் பத்திரம் என்று தேடுவதற்கு முன், எந்தப் படம் வெளியே போனால் என்ன கெடும் என்று பாருங்கள். பெரிதாகக் கெடுக்கக்கூடிய படங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், மற்றதை எதில் அனுப்பினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் படங்களைப் பிரியுங்கள்

ஸ்டுடியோவிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான படங்களில் பெரும்பாலானவை யார் கையில் போனாலும் பாதகமில்லை. பெரியவர்கள் காலில் விழுவது, நாதஸ்வரம், நடுவீட்டுக் கோலம், பந்தி, இலையில் பரிமாறிய பலகாரம், எல்லோரும் சேர்ந்து நிற்கும் குடும்பப் படம், இவையெல்லாம் போகட்டும். மூன்று வகைப் படங்களைத்தான் தனியே எடுக்கச் சொல்வேன்.

முதலாவது, வீட்டைக் காட்டும் படம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பவை. முகப்பில் நின்று எடுத்த ஒரே படத்தில் வளவு (உள்முற்றம்), இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை தெரிந்துவிடும். பர்மாத் தேக்கு நிலை, செதுக்கிய கதவு, தூண், சுவரில் மாட்டிய பழைய தஞ்சாவூர்ப் படம், எந்த அறைக்கு எந்தப் பூட்டு என்பது வரை படத்தில் இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாமான்களுக்கு என்ன மதிப்பு என்று தெரியும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், தேவகோட்டை என்று எங்கே பார்த்தாலும் விசேஷத்துக்குத் திறந்து, முடிந்ததும் பூட்டிவிட்டுப் போகிற வீடுகள் இருக்கின்றன. வீட்டின் உள்படமும், "திங்கட்கிழமை எல்லோரும் கிளம்புகிறோம்" என்ற வரியும் சேர்ந்து பொதுவில் போனால், திருடனுக்கு வேறு துப்பு தேவையில்லை.

இரண்டாவது, நகை. கழுத்துரு (நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பூட்டும் தங்கத் தாலி) தெளிவாகத் தெரியும் குளோஸ்-அப், வைரத்தோடு, நகைகளை மட்டும் தாம்பாளத்தில் பரப்பி எடுத்த படம். ஸ்டுடியோக்காரர்களுக்கு இது பிடித்தமான படம். வீட்டுப் பெரியவர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. "இதையெல்லாம் ஊருக்குக் காட்டிக்கிட்டு இருக்க வேண்டாம்ப்பா" என்று ஒரு அப்பத்தா சொன்னால், அதைப் பழங்காலத்துப் பயம் என்று தள்ளாதீர்கள். அவர் சொல்வது சரி.

மூன்றாவது, முகம். குறிப்பாக வயசுப் பெண்கள், குழந்தைகள் தனியாக, நேராகப் பார்த்து நிற்கும் படங்கள். போலிக் கணக்கு தொடங்கவும், முகத்தை மட்டும் எடுத்து வேறு உடம்பில் ஒட்டவும் இப்படிப்பட்ட படங்கள்தான் எளிதில் பயன்படும். முன்பு இதற்குக் கொஞ்சமாவது கைத்திறன் வேண்டும். இப்போது ஒரே ஒரு தெளிவான முகப்படம் கிடைத்தால் ஏஐ கருவிகள் மிச்சத்தைச் செய்துவிடுகின்றன. கூட்டத்தோடு நிற்கும் படத்தைவிடத் தனிப்படத்தில் ஆபத்து அதிகம் என்பதை மனதில் வையுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்

எல்லோருக்கும் பழக்கமான வழி. எண்பது வயது ஐயாவுக்கும் திறக்கத் தெரியும் என்பதே பெரிய பலம். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, படத்துக்குள் ஒளிந்திருக்கும் லொகேஷன் விவரத்தையும் நீக்கிவிடுகிறது. இது நல்லதே. ஆனால் "கிளாரிட்டி போய்விடுகிறது" என்று சொல்லி யாராவது டாக்குமெண்டாக அனுப்பினால், மூலப்படம் அப்படியே போகும். போனில் எடுத்த படமாக இருந்தால் வீட்டின் இருப்பிடமும் அதோடு சேர்ந்தே போகும். ஸ்டுடியோ கேமராக்களில் பெரும்பாலும் ஜிபிஎஸ் இருக்காது. உறவுக்காரர்கள் போனில் எடுத்தவற்றில்தான் இந்தச் சிக்கல். போன் கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டால் ஒரே தடவையில் தீர்ந்துவிடும். கிளாரிட்டி வேண்டுமென்றால் 2023இல் வந்த ஹெச்டி வசதியை அழுத்தி அனுப்பினால் போதும். டாக்குமெண்ட் தேவையில்லை.

வாட்ஸ்அப்பின் பலவீனம் குரூப்தான். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். பங்காளிகள் குரூப், கோயில் குரூப், ஊர் குரூப் என்று சேர்த்துப் பார்த்தால், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அட்மினுக்கே தெரியாது. எண் மாறிப்போனவர்கள், போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டவர்கள், ஒரு வீட்டுக்காகச் சேர்த்துப் பிறகு எடுக்காமல் விட்ட தரகர் எல்லோரும் இருப்பார்கள். போட்ட படம் ஒவ்வொருவர் கேலரியிலும் தானாக இறங்கிவிடும். 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' இரண்டரை நாள் வரைக்கும்தான் வேலை செய்யும். அதற்குள் ஒருவர் வேறு இடத்துக்கு நகலெடுத்திருந்தால் அழித்தும் பயனில்லை. 2025இல் வந்த 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி' என்ற வசதியைக் குரூப் செட்டிங்கில் போட்டுவிட்டால், படங்கள் தானாக இறங்குவதும், மொத்த உரையாடலை ஏற்றுமதி செய்வதும் நின்றுவிடும். ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது. ஆனாலும் போட்டுவைப்பது நல்லது.

ஒரே ஒருவருக்கு ஒரே ஒரு படம் காட்ட வேண்டும் என்றால், ஒரு தடவை பார்த்ததும் மறைந்துவிடும் 'வியூ ஒன்ஸ்' இருக்கிறது. 2021இல் வந்தது. அடுத்த ஆண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் தடுத்தார்கள். நகைப் படத்தை மகளுக்குக் காட்ட இது போதும்.

ஆக, விசேஷத்துக்கென்று புதிதாக ஒரு சின்ன குரூப் தொடங்கி, தெரிந்தவர்களை மட்டும் சேர்த்து, ஒரு மாதத்தில் கலைத்துவிடுவதானால் வாட்ஸ்அப் நல்ல தேர்வு. ஏற்கெனவே இருக்கிற ஊர் குரூப்பில் போடுவதும் தெருவில் போஸ்டர் ஒட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆல்பம் லிங்க்

நூறு படங்களுக்கு மேல் என்றால் கூகுள் போட்டோஸ் ஆல்பம் வசதி. இதில் படம் நம் கணக்கிலேயே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் ஒரு படத்தை எடுத்துவிடலாம், பகிர்வை நிறுத்திவிடலாம். வாட்ஸ்அப்பில் இந்தப் பிடி நமக்குக் கிடையாது.

ஆனால் இரண்டு விதமாகப் பகிரலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜிமெயில் முகவரி போட்டு ஆள் ஆளாக அழைப்பது ஒன்று. லிங்க் எடுத்து அனுப்புவது இன்னொன்று. லிங்க் யார் கையில் இருந்தாலும் அவருக்கு ஆல்பம் திறக்கும். அந்த லிங்க்கைப் பங்காளிகள் குரூப்பில் போட்டுவிட்டால் மேலே சொன்ன கதைதான். இருபது முப்பது பேர் என்றால் சிரமம் பார்க்காமல் முகவரி போட்டே அழையுங்கள். ஆல்பம் ஆப்ஷனில் லொகேஷன் காட்டும் சுவிட்ச் இருக்கும், அதை அணையுங்கள்.

சேர்ந்தவர்கள் படத்தை இறக்கிக்கொள்வதைக் கூகுள் போட்டோஸில் தடுக்க முடியாது. தடுக்க வேண்டுமென்றால் அதே படங்களைக் கூகுள் டிரைவில் போட்டு, 'பார்ப்பவர்கள் டவுன்லோட் செய்யலாம்' என்ற டிக்கை எடுத்துவிடலாம். பார்ப்பதற்கு ஆல்பம் போல அழகாக இருக்காது. ஆனால் வீட்டு உள்படங்களைக் கட்டடக்காரருக்கோ, வாடகைக்குக் கேட்கும் ஷூட்டிங் மேனேஜருக்கோ காட்ட இதுதான் ஏற்றது. சிங்கப்பூர் மருமகள்கள் எல்லோரும் ஐபோன் வைத்திருந்தால் ஐபோனின் ஷேர்டு ஆல்பமும் பரவாயில்லை. 100 பேர் வரை சேர்க்கலாம், படங்கள் நீளப்பக்கம் 2,048 பிக்சலாகச் சுருங்கித்தான் போகும்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம்

இந்த இரண்டும் குடும்பப் படங்களுக்கு எனக்கு உடன்பாடில்லை. பேஸ்புக் 2017இல் இந்தியாவில் ப்ரொஃபைல் படத்துக்குக் காவல் வசதி கொண்டுவந்தது, 2020இல் கணக்கையே பூட்டும் வசதி தந்தது. இரண்டும் உபயோகமானவை. பெண்கள் எல்லோரும் பூட்டிவிடுவது நல்லது. ஆனால் உங்கள் கணக்கைப் பூட்டினால் உங்கள் கணக்குக்கு மட்டும்தான் பூட்டு. அதே படத்தைச் சித்தப்பா மகன் பொதுவில் போட்டு உங்களை டேக் செய்தால், படம் பொதுவில்தான் இருக்கிறது. டேக் வந்தால் நம்மைக் கேட்டு அனுமதிக்கும்படி செட்டிங் மாற்றலாம். அதனால் நம் பேர்தான் மறையும், படம் மறையாது. இன்ஸ்டாகிராமில் பிரைவேட் கணக்கு, குளோஸ் ஃபிரண்ட்ஸ் பட்டியல் இரண்டையும் சேர்த்து வைத்தால் ஓரளவு பரவாயில்லை.

ஸ்டுடியோக்காரரின் கேலரி

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. இப்போதெல்லாம் மண்டப வாசலிலேயே க்யூஆர் கோட் வைக்கிறார்கள். வந்தவர்கள் அதை ஸ்கேன் செய்து ஒரு செல்ஃபி எடுத்தால், அவர்கள் முகம் இருக்கிற படங்களை மட்டும் கணினி பொறுக்கித் தருகிறது. மிக நல்ல வசதி. அத்தனை உறவுக்கும் தனித்தனியாகப் படம் பிரித்து அனுப்பும் வேலை மிச்சம். மற்றவர்கள் படம் அவர்கள் கண்ணில் படாது என்பதும் பாதுகாப்புக்கு நல்லதே.

ஆனால் சில விஷயங்களை முன்பணம் கொடுக்கும்போதே பேச வேண்டும். செல்ஃபி எடுத்தால்தான் படம் வருமா, அல்லது பின் நம்பர் தெரிந்தால் மொத்த ஆல்பமும் திறக்குமா? கேலரி எத்தனை நாள் இணையத்தில் இருக்கும்? அப்புறம் படங்களும், வந்தவர்களின் முக விவரமும் அழிக்கப்படுமா? மூலப்படங்கள் ஸ்டுடியோவில் எத்தனை பேர் கம்ப்யூட்டரில் இருக்கும்? ஆல்பம் டிசைன் வெளியூருக்குப் போகிறது என்றால் யாரிடம் போகிறது? நல்ல ஸ்டுடியோக்காரர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார்.

முக்கியமானது, அவர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நம் வீட்டுப் படத்தை விளம்பரத்துக்குப் போடுவது. மணப்பெண் தனியாக நிற்கும் படம், நகை குளோஸ்-அப், முகப்பிலிருந்து பின்கட்டு வரை தெரியும் வீட்டுப் படம், இந்த மூன்றும்தான் விளம்பரத்துக்கு அழகாக இருக்கும். நாம் தனியே எடுத்து வைக்கச் சொன்ன மூன்று வகையும் இதேதான். குடும்பத்தில் எல்லோரும் கவனமாக இருந்தும், படம் இந்த வழியில் பொதுவுக்குப் போய்விடும்.

சட்டம் இதில் நம் பக்கம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்ற இடத்தைக் கவனியுங்கள். புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த சம்மதம்" என்று இருந்து, அதில் கையெழுத்தும் போட்டிருந்தால் நிலைமை மாறிவிடும். அந்த வரியை அடித்து, பக்கத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். ஸ்டுடியோக்காரருக்கும் பிழைப்பு இருக்கிறது, அதை மறுக்க வேண்டாம். கோலமும் பந்தலும் பந்தியும் போட்டுக்கொள்ளட்டும், முகங்களைக் கேட்டுவிட்டுப் போடட்டும். இப்படிப் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

படத்தின் மேல் பெயர் போடுவது, சின்னதாக்குவது

வாட்டர்மார்க் போட்டால் திருட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. யார் திருடுகிறார் என்பதைப் பொறுத்தது அது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் பழைய வீடுகளையும் அழகாகப் படமெடுத்துப் போடும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் படத்தைச் சுற்றுலாப் பக்கங்கள் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வது வழக்கமான திருட்டு. அங்கே பெயர் போடுவது உதவும், யார் எடுத்தது என்றாவது தெரியும். மூலையில் போடாமல், வெட்டினால் படம் கெடும் இடத்தில் போட வேண்டும். ஒரே மாதிரி குறியை நூற்றுக்கணக்கான படங்களில் போட்டால் கணினி அதைக் கண்டுபிடித்துத் தானாக நீக்கிவிடும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017இலேயே காட்டினார்கள். ஆகவே இடத்தையும் வடிவத்தையும் கொஞ்சம் மாற்றி மாற்றிப் போடுங்கள். முகத்தைத் திருடுகிறவனுக்கு முகம் மட்டும் போதும். மூலையில் இருக்கிற பெயர் அவனை ஒன்றும் செய்யாது.

படத்தைச் சின்னதாக்கி அனுப்புவதும் அப்படித்தான். நீளப்பக்கம் 1,200 பிக்சல் என்றால் போனில் பார்க்கத் தாராளம். நல்ல தரத்தில் பிரிண்ட் போட்டால் நாலு அங்குலத்துக்கு மேல் வராது. அனுமதி இல்லாமல் பத்திரிகையிலோ காலண்டரிலோ அச்சடிப்பதை இது தடுக்கும். ஃபிளெக்ஸ் பேனருக்கு இந்த அளவே போதும் என்பதால் அங்கே தடுக்காது. முகத்தை ஒட்டி வைப்பதற்கோ இதைவிடச் சிறிய படமே போதும்.

ஜாதகத்தோடு போகும் படம்

இந்த ஊரில் படம் அதிகமாக அலைவது வரன் பார்க்கும்போதுதான். பெண்ணின் பெயர், பிறந்த நேரம், படிப்பு, வேலை பார்க்கும் இடம், அப்பச்சி (அப்பா) பெயர், குலத்தைக் காட்டும் கோயில் பிரிவு, வீட்டு முகவரி, போன் நம்பர், கூடவே மூன்று படங்கள். எல்லாம் ஒரே பிடிஎஃபில். அது தரகர் வழியாக, குரூப் வழியாக, யார் யார் கையிலோ போய்ச் சேர்கிறது. கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். போலிக் கணக்கு தொடங்குபவனுக்கு இதைவிட வசதியான தாள் கிடைக்காது.

இங்கே என் தேர்வில் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தை ஜாதகத்திலிருந்து பிரியுங்கள். முதலில் ஜாதகம் மட்டும், முகவரி இல்லாமல். பொருத்தம் பார்த்து, மேலே பேசலாம் என்று அந்த வீட்டிலிருந்தே போன் வந்த பிறகு படம். வியூ ஒன்ஸில் அனுப்பலாமே என்று கேட்பார்கள். அது நடைமுறைக்கு ஒத்துவராது, படத்தை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே. அதனால் யாருக்கு அனுப்புகிறோமோ அவர்கள் ஊர்ப் பெயரையும் தேதியையும் புடவையின் மேல் குறுக்காக, மெலிதாக எழுதி அனுப்புங்கள். போனிலேயே ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். 'தேவகோட்டை, ஆவணி 12' என்று எழுதிய படம் நாளைக்கு வேறெங்காவது தென்பட்டால், எந்த வீட்டிலிருந்து போனது என்று தெரிந்துவிடும். தன் வீட்டுப் பெயர் எழுதிய படத்தை அடுத்தவருக்கு அனுப்ப யாருக்கும் கை வராது. வாட்டர்மார்க் முகத்தைக் காக்காது என்று மேலே சொன்னேன். பெறுபவர் பெயரோடு போடுவது வேறு, இது ஆளைப் பொறுப்பாக்குகிறது.

பெண்ணின் வாட்ஸ்அப் ப்ரொஃபைல் படத்தை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிடுங்கள். தரகர் நம்பரைச் சேமிக்க வேண்டாம், அவரிடம் அம்மா அப்பச்சி பேசினால் போதும். ப்ரொஃபைல் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதபடி வாட்ஸ்அப் 2024இல் மாற்றியது. இருந்தாலும் பார்க்கிறவர் வட்டத்தைச் சுருக்குவதே மேல்.

தனியே எடுத்து வைத்த அந்த மூன்று வகைப் படங்களுக்குக் கரிஷ்மா ஆல்பமும் (புத்தகமாக அச்சடித்த ஆல்பம்) பெண்டிரைவும் போதும். அடுத்த தடவை சிங்கப்பூர் போகிறவர் கையில் கொடுத்துவிடலாம். வாங்குபவரிடம், "இதை எங்கேயும் போடாதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் கேட்பார்கள். சொல்லாமல் இருந்தால் அன்று இரவே ஸ்டேட்டஸில் இருக்கும்.

படம் திருடுபோனால்

கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற படத்தேடலில் போட்டுப் பார்க்கலாம். பொதுவில் இருக்கிற பக்கங்கள் மட்டும்தான் அகப்படும், பூட்டிய கணக்குகளும் வாட்ஸ்அப்பும் அகப்படாது. கண்டுபிடித்தால், பக்கத்தின் முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே புகார் செய்யுங்கள். முதலில் அந்தத் தளத்தில், 'ஆள்மாறாட்டம்' என்ற வகையில். நிர்வாணமாகவோ மார்ஃபிங் செய்தோ, நம் பேரில் ஆள்மாறாட்டமாகவோ வந்த படத்துக்குப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் குறித்த நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. புகாரில் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அடுத்து மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளம். பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்குப் பெயர் சொல்லாமலும் அங்கே புகார் கொடுக்கலாம். படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் வாங்கியிருந்தால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். போலிக் கணக்கு வைத்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டல் வந்தால், 18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ, அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு டேக் இட் டவுன் என்று இரண்டு இலவசச் சேவைகள் இருக்கின்றன. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே படத்திலிருந்து ஒரு கைரேகை எண் மாதிரி உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் வாங்கி, சேர்ந்திருக்கும் தளங்களுக்குத் தருகிறார்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டும் அதில் சேர்ந்தவை.

வீட்டுப் பெண் வந்து இப்படி ஒன்று நடந்துவிட்டது என்று சொன்னால், போனைப் பிடுங்கி வைக்காதீர்கள், கணக்கை அழிக்கச் சொல்லாதீர்கள். மிரட்டிய மெசேஜ், அனுப்பியவன் நம்பர், வந்த நேரம் எல்லாச் சாட்சியும் அந்தப் போனில்தான் இருக்கிறது. புகாரில் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்தவளும் அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து, அவளையே புகார் எழுதச் சொல்லுங்கள்.